‘தவறி விழுந்தார்’ என்று எழுதிவிட்டார்கள்

காலடிப்பேட்டை
22 ஆகஸ்ட் 2024

புஜ்ஜி,

தோத்திரம். நான் சுகமாக இருக்கிறேன். மலைக்குளிர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா, சின்ன வயதில் வந்த இழுப்பு திரும்ப வராமல் இருக்கிறதா என்று எழுது. கவரின் மேல் மடத்தில் உனக்கு வைத்த பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். உள்ளே நீ புஜ்ஜிதான். பிரித்துப் பார்க்கிற மதர் சிரித்தால் சிரிக்கட்டும்.

அப்பாவுக்கு முப்பதாம் நாள் பூசை வைத்தேன். ஆவுடையம்மாள் மீன்கூடையை மார்க்கெட்டிலேயே போட்டுவிட்டு வந்து, கோவிலில் கடைசி பெஞ்சில் நெற்றி நிறைய விபூதியோடு உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் முழங்காலில் நின்றபோது அவளும் நின்றாள். எல்லோரும் எழுந்த பிறகும் அவள் எழவில்லை. முட்டி பிடித்துக்கொண்டதாம். இரண்டு பேர் தூக்கிவிட்டோம். அப்பா இருந்திருந்தால் இதையே ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார்.

நீ அடக்கத்துக்கு வரமுடியாததை நினைத்து அழாதே. வெளியே வராத மடம், போன் இல்லாத மடம் என்று தெரிந்துதானே அனுப்பினோம். உனக்கு நாலு வரிச் செய்திதான் வந்திருக்கும். அதனால் நடந்ததை எழுதுகிறேன். அப்பா லோடு ஏற்றத்தான் அந்தக் கன்டெய்னர் யார்டுக்குப் போனார். நம் நோயல்தான் அங்கே மேஸ்திரி, அவன்தான் கூப்பிட்டான். யார்டில் கழிவுத் தொட்டி அடைத்துக்கொண்டது. அப்பா உள்ளே இறங்கினார். விஷக்காற்று அடித்துவிட்டது. அந்த மேனேஜர் ஸ்டேஷனில் என்ன சொன்னாரோ, ‘மதுபோதையில் தவறி விழுந்தார்’ என்று எழுதிக் கேசை மூடிவிட்டார்கள்.

நான் ஸ்டேஷனுக்கே நேரில் போய்க் கேட்டேன். "ஏழு வருஷமா குடிக்கிறதில்ல சார். பொண்ணு மடத்துக்குப் போன அன்னிக்கு மாதா முன்னால பொருத்தனை பண்ணிக்கினாரு. அத்தோட தொடல."

"எல்லாப் பொண்டாட்டியும் இத்தான்மா சொல்றாங்கோ" என்றார் எழுதுகிறவர், தலையைத் தூக்காமல்.

புஜ்ஜி, அப்பா போனதை ஆண்டவர் சித்தம் என்று விழுங்கிக்கொள்வேன். இந்த ஒரு வரியை என்னால் விழுங்க முடியவில்லை. அது அழிகிற வரைக்கும் நான் ஓயமாட்டேன்.

இப்போது நல்ல சேதி கேள்! தண்டையார்பேட்டையில் தையல் கடை வைத்திருக்கும் காத்தூன் பீவியை உனக்கு ஞாபகம் இருக்கும். அவள் மகள் தமன்னா வக்கீலாகிவிட்டாள். நேற்று என்னிடம் மீன் வாங்க வந்தவள் விஷயம் கேட்டு அப்படியே நின்றுவிட்டாள். "ஆன்ட்டி, மனுஷன அந்த மாதிரி தொட்டிக்குள்ள எறக்கவே கூடாதுன்னு சட்டம் கீது. பத்து வருஷத்துக்கு மேல ஆச்சி" என்றாள். பத்து வருஷமாக ஒரு சட்டம் நமக்காக இருந்திருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை! கை முழுக்கச் செதிலோடு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் உதறவில்லை.

உனக்காகத் தினமும் ஜெபமாலை சொல்லுகிற
அம்மா சிலுவையம்மாள்


12 செப்டம்பர் 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

இயேசுவுக்கே புகழ். இங்கே நாங்கள் அனைவரும் நலம். எனக்கு இழுப்பு வரவில்லை. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? காசிமேட்டிலிருந்து கூடை தூக்கி வரும்போது ஷேர் ஆட்டோவில் வாருங்கள். நடக்காதீர்கள்.

செய்தியைச் சொன்னபோது நான் தோட்டத்தில் கேரட் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். மீதிப் பாத்திகளுக்கும் ஊற்றி முடித்துவிட்டுத்தான் உள்ளே போனேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அந்த ஒரு வரி பொய் என்பது எனக்குத் தெரியும் அம்மா. இங்கே சில நாட்கள் மிகக் கடினமாக இருக்கும். அப்போதெல்லாம், அங்கே அப்பா இன்றைக்கு ஒரு நாள் தாங்கியிருப்பார், இங்கே நானும் ஒரு நாள் தாங்குகிறேன் என்று சொல்லிக்கொள்வேன். அவருடைய பொருத்தனையைப் பிடித்துக்கொண்டுதான் ஏழு வருடங்களை நடந்திருக்கிறேன்.

நினைவிருக்கட்டும், கிறிஸ்துமஸுக்கு முந்திய திருவருகைக் காலத்திலும், ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்திலும் எங்களுக்குக் கடிதம் கிடையாது. வந்தால் மதர் அலமாரியில் வைத்திருந்து திருநாளன்று தருவார். அதற்குள் எழுதுங்கள். தமன்னாவுக்கு என் ஜெபங்கள்.

கிறிஸ்துவில் உங்கள் மகள்


காலடிப்பேட்டை
7 அக்டோபர் 2024

என் புஜ்ஜிக்கு,

தோத்திரம். முழங்கால் இருக்கிறது, வலியும் இருக்கிறது, நான் நடந்துகொண்டுதான் இருக்கிறேன். உன் கேரட் எல்லாம் முளைத்ததா?

நான் கோர்ட்டுக்குப் போனேன்! மனுவில் கையெழுத்துப் போட்டேன்! தமன்னா கைநாட்டு மையை எடுத்தாள். "எதுக்கு? ஆறாவது வரைக்கும் படிச்சிக்கீறேன்" என்றேன். சிலுவையம்மாள் என்று முழுப்பேரையும் போட்டேன். இடம் பற்றாமல் கடைசி எழுத்து ஓரமாக ஏறிப்போய்விட்டது.

தனியாகப் போகவில்லை. மார்க்கெட்டிலிருந்து ஆவுடையம்மாளும் இன்னும் சிலரும் கடைக்கு லீவு போட்டுவிட்டு வந்தார்கள். ஷேர் ஆட்டோக்காரன் மூக்கைப் பிடித்தான். "கோர்ட்டுக்கா, மார்க்கெட்டுக்கா?" என்றான். "உன்ன உள்ள தள்றதுக்குத்தான் போறோம், ஒழுங்கா ஓட்டு நைனா" என்றாள் ஆவுடையம்மாள்.

நீதிபதி ஒரு பெண், புஜ்ஜி. என் வயதுகூட இல்லை. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். "கையை இறக்குங்கம்மா, நீங்க தப்பு பண்ணல. என்ன வேணும் உங்களுக்கு?" என்றார். வக்கீல் சொல்லிக்கொடுத்ததெல்லாம் மறந்துபோயிற்று. "அவர் தானா விழலம்மா. யாரோ எறக்கிக்கீறாங்கோ. யாருன்னு கேளுங்க" என்றேன். அவர் பேனாவை எடுத்து எழுதினார். நான் சொன்னதை ஒருத்தர் எழுதுவதை என் ஆயுசில் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஸ்டேஷனில் பதில் கேட்டு நோட்டீஸ் போயிருக்கிறது. திரும்பி வரும்போது தேரடியில் எல்லோருக்கும் ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தேன். துக்க வீட்டுக்காரி ஜிகர்தண்டா குடிக்கலாமா என்று எவளாவது கேட்டால் கேட்கட்டும்.

அப்பா படத்துக்கு முன்னால் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். நான் கோர்ட்டில் பேசியதை அவரிடம்தான் முதலில் சொன்னேன்.

அம்மா


2 நவம்பர் 2024
கல்லறைத் திருநாள்

அன்புள்ள அம்மாவுக்கு,

இயேசுவுக்கே புகழ். உங்கள் கடிதத்தை உணவு நேரத்தில் எல்லோருக்கும் வாசித்துக்காட்ட மதர் அனுமதி கொடுத்தார். ஆட்டோக்காரர் வரும் இடத்தில் வயதான சிஸ்டர்கள்கூடச் சிரித்தார்கள். கேரட் முளைத்துவிட்டது.

இன்று நீங்கள் கல்லறையைக் கழுவிப் பூப்போட்டு மெழுகுவர்த்தி ஏற்றியிருப்பீர்கள். நான் மண்ணைக்கூடப் பார்க்கவில்லை. அப்பாவுக்கு எந்தச் சட்டை போட்டு வைத்தீர்கள்? நான் நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு வேறு வேறு சட்டை போட்டுவிடுகிறேன்.

கோர்ட்டில் பொருத்தனை பற்றிச் சொன்னீர்களா? அன்றைக்கு அவர் குடித்திருக்கவில்லை என்று டாக்டர் அறிக்கையிலேயே இருக்கும் அல்லவா? அது ஒன்று போதுமே, அந்தப் பொய் உடைந்துவிடும். எனக்கு எழுதுங்கள்.

உங்கள் உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள். மழைக்காலம்.

கிறிஸ்துவில் உங்கள் மகள்


காலடிப்பேட்டை
24 நவம்பர் 2024

புஜ்ஜி,

தோத்திரம். மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது, வீட்டு வாசல் வரைக்கும் தண்ணீர். நான் கட்டில் மேல் உட்கார்ந்து ராணி மாதிரி எழுதுகிறேன். ஜலதோஷம் கொஞ்சம் இருக்கிறது, வேறொன்றும் இல்லை.

ஜெயித்துவிட்டோம்! முழுசாக இல்லை, முதல் படி. வேறொரு அதிகாரி முதலிலிருந்து விசாரிக்க வேண்டும் என்று நீதிபதியம்மா உத்தரவு போட்டுவிட்டார். ஆவுடையம்மாள் கோர்ட் வராந்தாவிலேயே விசில் அடித்தாள். போலீஸ்காரர் ஓடி வந்தார். "வாயில காத்து போச்சி சார்" என்றாள்.

புது அதிகாரி யார்டுக்குப் போய்விட்டு வந்தார். இப்போது அங்கே அடைப்பு எடுக்க உறிஞ்சுகிற லாரிதான் வருகிறதாம். ஒரு மனுஷனும் தொட்டிக்குள் இறங்குவதில்லையாம். அந்தச் சேதி கேட்டு எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிறகு வீட்டுக்கு வந்து, இந்த லாரி ஜூலை மாதத்தில் எங்கே போயிருந்தது என்று கேட்டு அழுதேன். பிறகு மறுபடி சந்தோஷப்பட்டேன்.

ஒரு விஷயம் மட்டும் எனக்குச் சரியாகப் படவில்லை. நோயலைப் பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். கேசில் குற்றம் சாட்டப்பட்ட எதிரி அவன் ஒருத்தன்தானாம். மேனேஜர் அன்றைக்கு யார்டிலேயே இல்லை என்று சொல்லிவிட்டாராம். உன்னை ஞானஸ்நானத் தொட்டியில் ஏந்திப் பிடித்தவன் நோயல். ஆத்திரமும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது.

தமன்னா ஆஸ்பத்திரிக் காகிதங்களை வாங்கிப் படித்துவிட்டு, "ஆன்ட்டி, உங்களாண்ட தனியா ஒண்ணு கேக்கணும்" என்று என்னைப் படிக்கட்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். அது வக்கீல் சமாச்சாரம், நீட்டி எழுதினால் தபால் எடை கூடிப்போகும்.

அப்பாவுக்கு நீலக்கட்டம் போட்ட சட்டை. உன்னை மடத்தில் விட வந்தபோது போட்டுக்கொண்டு வந்தாரே, அது. பொத்தான் ஒன்று இல்லாமல் இருந்தது. தைத்துத்தான் போட்டேன். இனிமேல் மாற்றாதே.

அம்மா


26 டிசம்பர் 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

கிறிஸ்து பிறப்பின் வாழ்த்துகள். உங்கள் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. ஜலதோஷம் இந்நேரம் போயிருக்கும் என்று நம்புகிறேன்.

நோயல் சித்தப்பாவைப் பற்றிப் படித்ததிலிருந்து தூக்கம் வரவில்லை. உங்களிடம் இதைக் கேட்க எனக்கு உரிமை இல்லை. இழப்பு உங்களுடையது. என்றாலும், முடிந்தால் அவரை மன்னித்துவிடுங்கள். அவருக்காக அல்ல, நீங்கள் அந்தக் கல்லைச் சுமக்கக்கூடாது என்பதற்காக.

சட்டையைப் பற்றி எழுதியதற்கு நன்றி. இப்போது அவரைச் சரியாகப் பார்க்க முடிகிறது.

நான் கேட்ட மற்றொன்றுக்கு நீங்கள் பதில் எழுதவில்லை. மழையில் மறந்திருப்பீர்கள்.

கிறிஸ்துவில் உங்கள் மகள்


காலடிப்பேட்டை
23 ஜனவரி 2025

புஜ்ஜிக்குட்டி,

தோத்திரம், பொங்கல் வாழ்த்து, புது வருஷ வாழ்த்து எல்லாம் சேர்த்து வாங்கிக்கொள். ஜலதோஷம் போய் இருமல் வந்து, இருமலும் போய்விட்டது. உன் கடிதத்தால் இங்கே ஒரு கலாட்டாவே நடந்துவிட்டது, கேள்.

நீ சொன்னபடியே செய்தேன். நோயல் ஜாமீனில் வந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா சிலை இருக்கிற கெபி பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவன் பெண்டாட்டி ஜானட் ஓடி வந்து என் காலைப் பிடித்தாள். கூட்டம் கூடிவிட்டது. எனக்கு உன் எழுத்துதான் கண்முன்னால் வந்தது. "எந்திரி ஜானட். டேய் நோயலு, இங்க வா. உன்ன மன்னிச்சிட்டேன்டா. மாதா சாட்சியா மன்னிச்சிட்டேன்" என்று சத்தமாகச் சொன்னேன். ஜனங்கள் கை தட்டினார்கள். யாரோ பாட்டுக்கூட எடுத்துவிட்டார்கள். நோயல் மட்டும் நிமிர்ந்து பார்க்கவேயில்லை.

மறுநாள் மார்க்கெட்டுக்குப் போனால், "இன்னாக்கா, கேஸு முடிஞ்சிச்சாமே?" என்கிறான் ஐஸ் போடுகிறவன்.

"யாருடா சொன்னா?"

"ஊரே சொல்லிக்கினு கீது. நீதான் மன்னிச்சிட்டியாமே."

நம் ஆட்களுக்குள் அப்படித்தானே? கோவில் வாசலில் மன்னித்தால் முடிந்தது, பிறகு யாரும் பேசமாட்டார்கள். யார்டிலிருந்து மேனேஜருடைய ஆள் ஒருத்தன் ஸ்வீட் பாக்ஸோடு வீட்டு வாசலில் நின்றான். "மேனேஜர் சாருக்கு ரொம்ப சந்தோஷம்மா" என்றான். நான் மன்னித்தது நோயலை, இவருக்கு எதற்குச் சந்தோஷம்? பாக்ஸை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். ஆவுடையம்மாள் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. "ஆட்டோவுக்கு ஆட்டோ ஏறி உன்கூட வந்தோம் பாரு, எங்கள சொல்லணும்மே" என்று மட்டும் சொன்னாள். தமன்னாவிடம் போய், "நானே கெடுத்துட்டனாம்மா?" என்று அழுதேன். அவள் சிரித்தாள். "வாய்தா அன்னிக்கி நீங்களே ஜட்ஜம்மாவ கேளுங்க ஆன்ட்டி" என்றாள்.

கேட்டேன், புஜ்ஜி! எழுந்து நின்று கேட்டுவிட்டேன். "அம்மா, நான் நோயல கோயில்ல மன்னிச்சிட்டேன். அதுனால கேஸு பூடுமா?"

கோர்ட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நீதிபதியம்மா சிரிக்கவில்லை. "மன்னிச்சது நல்லதும்மா. அது உங்க உரிமை, அதுல நான் தலையிட முடியாது. ஆனா இந்தக் கேஸ் உங்களோடது இல்ல" என்றார்.

"பின்ன யாருதுமா?"

"அரசாங்கத்தோடது. ஒரு மனுஷன் இப்படிச் செத்தா, அது அவர் குடும்பத்துக்கு மட்டும் செஞ்ச குத்தம் இல்லம்மா. எல்லாருக்கும் செஞ்ச குத்தம். அதனால நீங்க மன்னிச்சாலும் நாங்க விசாரிக்கணும்."

எல்லாருக்கும் செய்த குற்றமாம், புஜ்ஜி! நான் வெளியே வந்து ரோட்டில் நின்று பார்த்தேன். பஸ்ஸில் போகிறவர்கள், டிரெய்லர் ஓட்டுகிறவர்கள், பூ விற்கிறவள், எல்லோருக்கும் உன் அப்பா சொந்தமாம். அவர்களுக்கே தெரியாது. எனக்கு ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. இத்தனை நாளாக இந்தத் துக்கத்தை நான் ஒருத்தியே தலையில் வைத்துக் கூடை மாதிரி தூக்கிக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் ஒரு கை வந்து தூக்கிவிட்டது. ஆவுடையம்மாள் மறுபடி பேசுகிறாள்.

உன் இழுப்பு எப்படி? தை மாதக் குளிரில் காதுக்குத் துணி கட்டிக்கொள்.

அம்மா


16 பிப்ரவரி 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

இயேசுவுக்கே புகழ். நலமாக இருக்கிறேன், காதுக்குத் துணி கட்டுகிறேன். உங்கள் கடிதத்தை மதர் இரண்டு முறை படித்துவிட்டு, "உன் அம்மா பிரசங்கம் வைக்கலாம்" என்றார். நான் அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ள அனுமதி கேட்டேன். கொடுத்தார்.

மன்னிப்பும் நீதியும் ஒன்றையொன்று அழித்துவிடும் என்றுதான் நானும் உள்ளூரப் பயந்துகொண்டிருந்தேன். அதனால்தான் உங்களிடம் கேட்கத் தயங்கினேன். அந்தப் பயம் போய்விட்டது.

வருகிற தவக்காலம் முழுவதும் ஒரு வேளை உணவோடு இருக்க அனுமதி வாங்கியிருக்கிறேன். அப்பா கடைசி வரைக்கும் காப்பாற்றிய பொருத்தனைக்கு நன்றியாக. அவர் ஏழு வருடம் செய்ததற்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை.

சாம்பல் புதனுக்கு முன்னால் ஒரு வரியாவது எழுதுங்கள்.

கிறிஸ்துவில் உங்கள் மகள்


காலடிப்பேட்டை
3 மார்ச் 2025

புஜ்ஜி,

தோத்திரம். நான் சுகம். நாளை மறுநாள் சாம்பல் புதன். இது உன் கைக்கு ஈஸ்டரில்தான் வரும். அது தெரிந்துதான் இன்றைக்கு எழுதுகிறேன். முந்தியே எழுதியிருக்கலாம். கை வரவில்லை.

நேற்று நோயல் வீட்டுக்கு வந்தான். அப்போது தமன்னாவும் இங்கேதான் இருந்தாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"அண்ணி, நீ கெபியாண்ட மன்னிச்ச பாரு, அன்னிலேர்ந்து எனக்கு சோறு எறங்கல. நீ செருப்பால அடிச்சிருந்தா வாய மூடிக்கினு ஜெயிலுக்குப் பூட்டிருப்பேன். மேனேஜரு அப்டித்தான் சொல்லிக்கீறாரு, நீ ஒத்துக்கோ, உன் குடும்பத்த பாத்துக்கறேன்னு."

"நீ எத்தடா ஒத்துக்கணும்?"

அப்போது சொன்னான். மறுநாள் யார்டில் யாரோ பெரிய அதிகாரி வருவதாக இருந்ததாம். உறிஞ்சுகிற லாரி வரவில்லை. ஆளை இறக்கு என்றாராம் மேனேஜர், யார்டில் நின்றுகொண்டே. முகமூடி எங்கே சார் என்று இவன் கேட்டிருக்கிறான். கொஞ்ச நேரம் கழித்து மேனேஜருடைய டிரைவர் ஒரு பாட்டிலைக் கொண்டு வந்து கொடுத்தானாம். அந்த வேலையில் எப்போதும் அப்படித்தானாம், புஜ்ஜி. அந்த நாற்றத்துக்குள் எவனும் தெளிவாக இறங்கமாட்டானாம். ஊற்றிக்கொடுத்துத்தான் இறக்குவார்களாம்.

"அண்ணன் வேணான்னுச்சி. பொருத்தனைடா, பொண்ணு மடத்துல கீதுன்னுச்சி. சும்மாவே எறங்கப் பாத்துது. கொமட்டிக்கினு மேல வந்துட்சி. நான்தான் ஊத்திக் குடுத்தேன், அர டம்ளரு. மருந்துன்னு நெனச்சிக்கோண்ணேன்னேன். மூக்க புடிச்சிக்கினு குடிச்சிட்டு, ‘கஷாயம்கூட இத்தோட தேவலடா’ன்னு சிரிச்சிது. சிலுவ போட்டுக்கினு எறங்குச்சி. அவ்ளோதான் அண்ணி."

தமன்னா படிக்கட்டில் என்னிடம் கேட்டதும் இதுதான். டாக்டர் காகிதத்தில் சாராயம் இருக்கிறது, அது எப்படி வந்தது என்று. நவம்பரிலிருந்து எனக்குத் தெரியும், உனக்கு எழுதவில்லை.

நோயல் சொல்கிறான், "பாட்டில் மேட்டர வுட்டுடறேன் அண்ணி. முகமூடி குடுக்கலன்னு மட்டும் சொல்றேன். அண்ணன் பேரு கெட வேணாம்."

தமன்னா கூடாது என்று தலையை ஆட்டுகிறாள். "பாட்டில் எங்கேர்ந்து வந்துச்சுன்னு இவரு சொல்லலன்னா, அங்கிளே வாங்கியாந்து குடிச்சாருன்னுதான் அவங்க சொல்லுவாங்க. அந்த ஒரு வரி அப்படியே நிக்கும், ஆன்ட்டி. சொன்னா முழுசா சொல்லணும்."

‘குடித்துவிட்டு விழுந்தார்’ என்பதை அழிக்க வேண்டுமானால், அவர் குடித்தார் என்று கோர்ட்டில் எல்லோர் முன்னாலும் நாங்களே சொல்ல வேண்டும். நீ அங்கே அவர் தொடவே இல்லை என்று பட்டினி கிடக்கப் போகிறாய். உன்னைக் கேட்டுச் செய்யலாம் என்றால் நடுவில் அலமாரிக் கதவு.

நோயல் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தான். "முழுசா சொல்லுடா" என்றேன். சொல்லிவிட்டு உள்ளே போய் அப்பா படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. மறுபடி திருப்பிவிட்டேன்.

வயிற்றைக் காயப்போடாதே என்று சொன்னால் இது உனக்கு எட்டாது. எட்டும்போது ஈஸ்டர் சாப்பாடு சாப்பிட்டிருப்பாய்.

அம்மா


காலடிப்பேட்டை
28 மார்ச் 2025

புஜ்ஜி, என் புஜ்ஜி,

தோத்திரம், தோத்திரம்! சுகம் விசாரிப்பதெல்லாம் பிறகு. நான் நன்றாக இருக்கிறேன், இத்தனை நன்றாக இருந்து பல மாதம் ஆகிறது. இந்தக் கடிதமும் அலமாரிக்குத்தான் போகும், போகட்டும். என்னால் அடக்கி வைக்க முடியாது.

நோயல் நீதிபதி முன்னால் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். கதவைச் சாத்திக்கொண்டு எழுதினார்கள். நானும் ஜானட்டும் வெளியே வராந்தாவில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இவரயும் உள்ள வெப்பாங்களாக்கா?" என்றாள். வைப்பார்கள் என்றுதான் சொன்னேன். பொய் சொல்லத் தோன்றவில்லை. அவள் என் கையை விடவில்லை.

பிறகு அந்த அதிகாரி மேனேஜருடைய டிரைவரைப் பிடித்தார். டிரைவர் பாட்டிலை ஒப்புக்கொண்டான். யார்டு கேமராவில் மேனேஜர் தொட்டிப் பக்கத்தில் நிற்பதும் கிடைத்துவிட்டது. இன்றைக்குக் கோர்ட்டில் குற்றப்பத்திரிகையை வாசித்தார்கள். முதல் எதிரி மேனேஜர்! நோயல் இரண்டாம் எதிரி. மேனேஜர் வந்திருந்தார், புஜ்ஜி. நல்ல ஷர்ட், நல்ல வாட்ச். அவர் பெயரைக் கூப்பிட்டபோது, நான் முதல் நாள் கை கட்டிக்கொண்டு நின்றேனே, அதே இடத்தில் போய் நின்றார். கையைக் கட்டிக்கொண்டார். அவரை யாரும் கையை இறக்கச் சொல்லவில்லை.

அந்த ஒரு வரி போய்விட்டது. முகமூடி கொடுக்காமல், மது கொடுத்து இறக்கினார்கள் என்றுதான் இனிமேல் இருக்கும். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். மது என்று வாசித்தபோது எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்று தலையைக் குனியப் போனேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் மேனேஜரைத்தான் பார்த்தார்கள்.

கேஸ் முடிய இன்னும் வருஷக்கணக்காகும் என்கிறாள் தமன்னா. ஆகட்டும். எனக்கு வேறென்ன வேலை? ஆவுடையம்மாள் வெளியே வந்ததும் விசில் அடிக்கப் போனாள். போலீஸ்காரர் அவளைப் பார்த்தார். "இன்னாம்மா, காத்து போகலியா இன்னிக்கி?" என்று அவரே கேட்டார். அடித்தாள். தெருவே திரும்பிப் பார்த்தது. நான் சிரித்துச் சிரித்து, நடுவில் அழுது, மறுபடி சிரித்து, என் சேலையெல்லாம் மூக்குச்சளி.

ஈஸ்டர் அன்றைக்கு மதர் இரண்டு கடிதத்தையும் சேர்த்துத் தருவார். முந்தின கடிதத்தை முதலில் படி. படித்துவிட்டு என்மேல் கோபம் வந்தால் கொஞ்ச நேரம் கோபமாகவே இரு, அதற்குப் பிறகு இதைப் படி. ஒரு வேளைச் சோறோடு நீ இருந்த நாட்களெல்லாம் வீண் என்று மட்டும் நினைக்காதே. வேண்டாம், வேண்டாம் என்று அவர் சொன்ன அந்தக் கொஞ்ச நேரத்துக்கு அது போய்ச் சேர்ந்திருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள். மதருக்கும் சிஸ்டர்களுக்கும் என் தோத்திரம் சொல். எனக்கு ஒன்றே ஒன்றுதான் கேட்கவேண்டும். நம் கோவில் சாமியார் சரியாகப் பதில் சொல்லவில்லை, தமன்னா அது தன் கோர்ட்டில் வராது என்று சொல்லிவிட்டாள். இங்கே அந்த அரை டம்ளரை மேனேஜர் பேரில் எழுதிவிட்டார்கள். நீ ஆண்டவரோடு ஒரே வீட்டில் இருக்கிறவள், அதனால் உன்னைக் கேட்கிறேன் புஜ்ஜி. மேலே அதை யார் பேரில் எழுதியிருப்பார்கள்?